டெனிசோவா குகை: அந்தப் பச்சைக் கல் வளையல் யாருடையது?

மலைக்குருவி:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்விக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். சைபீரியாவில் அல்தாய் மலைப்பகுதியில், அனுய் என்ற ஆற்றின் கரையில் டெனிசோவா குகை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் டெனிஸ் என்ற துறவி அங்கே தங்கியிருந்ததால் இந்தப் பெயர். அங்குள்ள அல்தாய் மக்கள் அதை 'அயு தாஷ்' என்பார்களாம், கரடிப் பாறை. 1970களின் இறுதியில் சோவியத் ஆய்வாளர்கள் அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். நோவோசிபிர்ஸ்க் தொல்லியல் நிறுவனம் அந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறது.

2008-இல் அந்தக் குகையின் கிழக்கு அறையில் ஒரு சுண்டுவிரலின் நுனி எலும்பு கிடைத்தது. கையில் வைத்தால் இருக்கிற இடமே தெரியாத அளவுதான். அதிலிருந்து, தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தார்கள். நமக்கும், அழிந்துபோன இன்னொரு மனித இனமான நியாண்டர்தால்களுக்கும் அதில் சராசரியாக 202 இடங்களில்தான் வேறுபாடு. இந்த விரலுக்கும் நமக்கும் 385 இடங்களில் வேறுபாடு! 2010 மார்ச்சில் அது வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, இது நாமும் இல்லை, நியாண்டர்தாலும் இல்லை, மூன்றாவது ஓர் மனித இனம் என்றார்கள். குகையின் பெயரால் டெனிசோவன்கள் என்று அழைக்கிறார்கள். மண்டை ஓடு இல்லை, தொடை எலும்பு இல்லை, ஒரு விரல் நுனியை வைத்துக்கொண்டு புதிய மனித இனம் ஒன்று தெரியவந்தது அதுதான் முதல் முறை.

என் கேள்வி விரலைப் பற்றியது அல்ல. அதே 2008-இல், அதே கிழக்கு அறையில், அதே 11ஆம் அடுக்கில் கரும்பச்சைக் கல்லில் செய்த ஒரு வளையலின் இரண்டு துண்டுகள் கிடைத்தன. குளோரைட் வகைக் கல். தேய்த்து மெருகேற்றி, ஓரிடத்தில் சீராகத் துளை போட்டிருக்கிறார்கள். துளையைச் சுற்றித் தேய்மானம் இருப்பதால் தோல் வாரில் ஏதோ தொங்கவிட்டிருப்பார்கள் என்கிறார்கள். அந்தக் கல் குகைக்கு அருகில் கிடைப்பதுகூட இல்லை, வெகு தூரத்திலிருந்து வந்தது.

அந்த வளையலின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். இதைச் செய்தது டெனிசோவன்களா? விரலும் வளையலும் ஒரே அடுக்கு என்றால் ஒரே ஆட்கள்தானே? பிறகு ஏன் ஒரு பக்கம் 'டெனிசோவன் வளையல்' என்கிறார்கள், இன்னொரு பக்கம் தயங்குகிறார்கள்?

—

செங்காட்டான்:

நல்ல கேள்வி நண்பரே. தயக்கத்துக்குக் காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அழகான பொருள் எது கிடைத்தாலும் அது 'நம்' ஆட்கள் செய்தது, கரடுமுரடானது எல்லாம் 'அவர்கள்' செய்தது என்று ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. நியாண்டர்தால்களை நூறு வருஷமாக மந்தபுத்திக்காரர்களாக வரைந்துவிட்டு இப்போதுதான் திருத்திக்கொண்டிருக்கிறோம். இப்போது டெனிசோவன்கள் முறை.

குகையைத் தோண்டிய தெரெவியாங்கோ, ஷுன்கோவ் ஆகியோரே அந்த அடுக்கின் கருவிகள் கீழ் அடுக்குகளின் கருவி மரபிலிருந்து படிப்படியாக வளர்ந்தவை என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது வெளியிலிருந்து யாரும் வந்து கொடுத்துவிட்டுப் போகவில்லை, அங்கேயே இருந்தவர்கள்தான் செய்தார்கள். நாற்பது வருஷம் அந்த மண்ணில் கை வைத்தவர்கள் சொல்வதற்கு மதிப்பு வேண்டாமா?

—

அடுக்குமண்:

மலைக்குருவி தம்பி, 'ஒரே அடுக்கு என்றால் ஒரே ஆட்கள்தானே' என்று கேட்டீர்கள் அல்லவா, எல்லாச் சிக்கலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அடுக்கு என்பது ஒருநாள் விரித்த பாய் இல்லை. டெனிசோவாவில் படிந்திருக்கும் மண் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு முதல் 20 ஆயிரம் ஆண்டு வரை பழையது. அத்தனை காலமும் சில மீட்டர் ஆழத்துக்குள் அடங்கியிருக்கிறது. அப்படியென்றால் ஒரு சாண் மண்ணுக்குள் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஒடுங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். '11ஆம் அடுக்கு' என்பது ஒரு பெயர்ப்பலகை. அதற்குள் 11.1, 11.2, 11.3, 11.4 என்று உட்பிரிவுகள் உண்டு. விரல் கிடைத்தது 11.2-இல். இன்னொன்று, குகைக்கு மூன்று அறைகள்: முதன்மை அறை, கிழக்கு அறை, தெற்கு அறை. மூன்றுக்கும் அடுக்கு எண்களைத் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். ஓர் அறையின் 11 இன்னோர் அறையின் 11-க்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம், அந்தக் குகையில் மனிதர்கள் மட்டுமா இருந்தார்கள்? மனிதர்கள் இல்லாத காலங்களில் கழுதைப்புலிகள் குட்டி போட்டு வளர்த்த இடம் அது. ஓநாய், கரடி எல்லாம் உண்டு. வளை தோண்டும் சிறு பிராணிகள் உண்டு. பனிக்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து உப்பும், உருகும்போது தளரும். இப்படி ஆயிரக்கணக்கான முறை நடந்தால் ஒரு சிறு பல் மேலேயும் போகும், கீழேயும் போகும். விரல் நுனி அளவு பொருளுக்கு இது இன்னும் சுலபம்.

நான் மாணவனாக ஓர் அகழாய்வில் வேலை செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இரவு மழை பெய்து குழியின் பக்கச் சுவர் சரிந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் சரிந்த மண்ணின் மேல் ஒரு மணி கிடக்கிறது, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக. அந்தப் பருவம் முழுக்கக் கிடைத்தவற்றிலேயே அழகான பொருள் அதுதான். ஆனால் அது சுவரில் எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் 'அடுக்கு தெரியவில்லை' என்று எழுதிப் பெட்டியில் போட்டோம். ஆய்வறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு இன்றும் அந்த மணியின் நிறம் நினைவிருக்கிறது. அதைச் செய்தவர் யார் என்று கேட்கவே வழியில்லாமல் போய்விட்டது.

வளையல் கல்லால் ஆனது. உயிரோடு இருந்த பொருளில் மிஞ்சிய கரிமத்தை வைத்து வயது சொல்வதுதான் கரிமக் காலக்கணிப்பு, அதைக் கல்லுக்குச் செய்ய முடியாது. அந்தக் கல் உருவான காலம் வேறு, மனிதன் அதைத் தேய்த்த காலம் வேறு. ஆகவே வளையலின் வயது என்பது அதைச் சுற்றியிருந்த மண்ணின், எலும்பின் வயதுதான். அந்த மண் அசையாமல் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

—

நூல்புழு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அறிவியல் பின்னணி கிடையாது, வாசிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு சின்னக் கேள்வி. அந்த விரல் ஒரு சிறுமியுடையது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஒரு விரல் நுனியை வைத்துப் பெண் என்றும் சிறு வயது என்றும் எப்படிச் சொல்ல முடிகிறது?

—

மரபுக்கோவை:

நூல்புழு அம்மா, இது நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி, ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏவோடுதான் என் பிழைப்பு.

பெண் என்று சொன்னது மரபணு. ஆணாக இருந்தால் ஒய் குரோமோசோமின் துணுக்குகள் கிடைத்திருக்கும். எக்ஸ் குரோமோசோமின் அளவும் மற்றவற்றில் பாதியாக இருந்திருக்கும். இங்கே ஒய் இல்லை, எக்ஸ் முழு அளவில் இருந்தது. வயதைச் சொன்னது எலும்பு. வளரும் பிள்ளைகளுக்கு விரல் எலும்பின் அடிப்பகுதியில் வளர்ச்சித் தகடு ஒன்று இருக்கும். வளர்ந்து முடிந்ததும் அது எலும்போடு ஒட்டிக்கொள்ளும். இந்த விரலில் அது முழுதாக ஒட்டியிருக்கவில்லை. முதலில் ஆறேழு வயது என்று நினைத்தார்கள். 2019-இல் மறுபடி ஆராய்ந்தபோது சுமார் பதின்மூன்றரை வயது என்று மாற்றினார்கள்.

அந்த மறு ஆய்வு நடந்த விதம் எனக்கு மிகவும் மனதைத் தொட்டது. கிடைத்த உடனேயே அந்த எலும்பை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஜெர்மனியில் லைப்சிக் நகருக்கும் மறு பாதியை அமெரிக்காவில் பெர்க்லிக்கும் அனுப்பினார்கள். இரண்டும் டிஎன்ஏவுக்காகத் தூளாகித் தீர்ந்துவிட்டன. இன்று அந்த விரல் உலகத்தில் இல்லை. பெர்க்லிக்குப் போன பாதி பாரிஸ் ஆய்வுக்கூடம் ஒன்றின் கைக்கு வந்தபோது அவர்கள் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்களையும் மற்ற பாதியின் படங்களையும் கணினியில் ஒட்டித்தான் 2019-இல் முழு வடிவத்தை மீட்டார்கள். பார்த்தால் அது நம் விரல் போலவே இருக்கிறது. நியாண்டர்தால் விரல் நுனிகள் அகலமாக இருக்கும், இது மெல்லியது. மரபணுவில் நியாண்டர்தாலுக்கு நெருக்கமானவள், விரலில் நம்மைப் போன்றவள். எலும்பின் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் 'நம் இனப் பிள்ளை' என்று எழுதிப் பெட்டியை மூடியிருப்பார்கள்.

—

செங்காட்டான்:

மரபுக்கோவை, உங்கள் துறை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கேட்கிறேன். உலகத்தில் ஒன்றே ஒன்றாகக் கிடைத்த ஒரு மனிதப் பிள்ளையின் எலும்பைப் பொடியாக்கித் தீர்ப்பது சரியா? நாளைக்கு இதைவிட நல்ல முறை வந்தால் எதை வைத்துச் சோதிப்பது?

—

மரபுக்கோவை:

சரியான கேள்வி. என்னிடம் முழுமையான பதில் இல்லை. 2012-இல் மத்தியாஸ் மேயர் குழு அந்த எஞ்சிய துளியை வைத்தே முழு மரபணுத் தொகுதியையும் சராசரியாக 30 முறை படித்தது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் பிரித்து ஒவ்வோர் இழையையும் தனியாகப் படிக்கும் முறையை அதற்காகவே உருவாக்கினார்கள். உயிரோடு இருக்கும் ஒருவருடைய மரபணுவைப் படிப்பது போல அவ்வளவு துல்லியம். பப்புவா மக்களின் மரபணுவில் சில சதவிகிதம் டெனிசோவன்களிடமிருந்து வந்தது என்பதும், திபெத்தியர்கள் உயரத்தில் மூச்சுவிட உதவும் மரபணு வடிவம் அவர்களிடமிருந்து வந்தது என்பதும் அந்த மரபணுத் தொகுதி இருந்ததால்தான் தெரிந்தது. அந்த டிஎன்ஏவைப் படித்த லைப்சிக் குழுவின் தலைவர் ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்ததில் அந்த விரலுக்கும் பங்கு உண்டு.

இருந்தாலும் வெட்டுவதற்கு முன்னால் முழு எலும்பையும் முப்பரிமாணத்தில் பதிந்து வைத்திருக்க வேண்டும். அதை நான் மறுக்க மாட்டேன்.

—

கடைசிப்பெஞ்ச்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டிஎன்ஏ அவ்வளவு காலம் எப்படித் தாங்கியது? நாம் படித்தவரை வெப்பமான இடங்களில் சில ஆயிரம் ஆண்டிலேயே அழிந்துவிடும் என்பார்களே.

—

மரபுக்கோவை:

குளிர்தான் காரணம். அந்தக் குகையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 0 டிகிரிக்குப் பக்கத்தில். இயற்கையே செய்து வைத்த குளிர்சாதனப் பெட்டி.

—

மலைக்குருவி:

அடுக்குமண் ஐயா, அந்த மணியைப் பற்றி எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். சரி, அடுக்கு அசைந்ததா என்று கண்டுபிடிக்க வழியே இல்லையா? வளையலுக்கு நேரடி வயது கிடைக்காது என்றால் மண்ணையாவது நம்பலாமா?

—

அடுக்குமண்:

வழி இருக்கிறது தம்பி.

முதலில் கரிமக் காலக்கணிப்பின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். கரிமம்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. 50 ஆயிரம் ஆண்டு கழிந்தால் எலும்பில் இருந்ததில் நானூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த நிலையில் புதிய கரிமம் 1 சதவிகிதம் கலந்தாலே போதும், எவ்வளவு பழைய எலும்பும் சுமார் 37 ஆயிரம் ஆண்டுதான் என்று கணக்கு காட்டும். டெனிசோவாவின் முக்கியமான கட்டம் இந்த எல்லையில் வந்து முட்டுகிறது.

அதற்கு மேல் போக ஒளியை வைத்துச் செய்யும் காலக்கணிப்பு உதவுகிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் வெயில் படும்போது தன்னுள் சேர்ந்த ஆற்றலை இழந்துவிடும். மண்ணுக்குள் புதைந்ததும் சுற்றியுள்ள கதிரியக்கத்தால் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும். இருட்டில் மாதிரி எடுத்து, இருட்டறையில் அதன் மேல் ஒளியைப் பாய்ச்சினால் சேர்த்ததை எல்லாம் வெளிச்சமாகக் கக்கும். எவ்வளவு கக்குகிறது என்பதை வைத்துக் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று சொல்லலாம். ஜேக்கப்ஸ், ராபர்ட்ஸ் குழுவினர் டெனிசோவாவில் 100-க்கு மேற்பட்ட மாதிரிகளை இப்படி அளந்து 2019-இல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, துகள்களை ஒவ்வொன்றாக அளந்ததுதான். ஒரே மாதிரியில் இருக்கும் துகள்கள் எல்லாம் ஒரே வயது காட்டினால் அந்த மண் கலையவில்லை. ஒன்று 50 ஆயிரம், பக்கத்துத் துகள் 1 லட்சம் என்று காட்டினால் அங்கே எதுவோ கிளறியிருக்கிறது. எந்த இடத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று மண்ணே சொல்லிவிடுகிறது.

அதே நேரத்தில் டூகா, ஹைகம் குழு எலும்புகளையும் பல்லாலும் எலும்பாலும் ஆன அணிகலன்களையும் நேரடியாகக் கரிமக் கணக்குக்கு உட்படுத்தியது. இவை கல் அல்ல, ஆகவே செய்ய முடிந்தது. பதக்கங்களும் எலும்பு முனைகளும் 49 ஆயிரத்திலிருந்து 43 ஆயிரம் ஆண்டுக்குள் வந்தன. நம் விரல் சிறுமியின் வயது? 76 ஆயிரத்திலிருந்து 52 ஆயிரம் ஆண்டுக்குள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே '11ஆம் அடுக்கு' என்று எழுதியிருந்தவை. நடுவில் குறைந்தது சில ஆயிரம் ஆண்டு, அதிகம் போனால் முப்பத்து மூவாயிரம் ஆண்டு இடைவெளி. அந்தப் பிள்ளைக்கும் பதக்கம் அணிந்தவருக்கும் இடையே இருக்கும் தூரம், நமக்கும் எழுத்து பிறந்த காலத்துக்கும் இடையே இருக்கும் தூரத்தைவிட அதிகமாக இருக்கலாம்.

—

மலைக்குருவி:

அப்படியென்றால் அவள் வளையலைப் பார்த்திருக்கவே மாட்டாள். என் மனதில் அவள் கையில் போட்டே வைத்திருந்தேன்.

—

செங்காட்டான்:

ஐயா, ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சிறுமி இல்லை. ஆனால் அந்தச் சிறுமிதான் கடைசி டெனிசோவன் என்று யார் சொன்னது? 45 ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் அவர்கள் அங்கே இருந்திருக்கலாமே. மறுபக்கம், அந்தக் காலத்து நம் இன மனித எலும்பு ஏதாவது டெனிசோவா குகையில் கிடைத்ததா? எனக்குத் தெரிந்து இல்லை. எலும்பே இல்லாத ஆளுக்கு வளையலைக் கொடுக்கிறீர்கள், எலும்பு கிடைத்த ஆளிடமிருந்து பறிக்கிறீர்கள்.

—

அடுக்குமண்:

நியாயமான வாதம். 2019 வரை நானும் அங்கேதான் நின்றேன். மேற்கு சைபீரியாவில் உஸ்த்-இஷிம் என்ற இடத்தில் நம் இனத்தவரின் தொடை எலும்பு கிடைத்திருக்கிறது, வயது சுமார் 45 ஆயிரம் ஆண்டு. ஆக, அந்தக் காலத்தில் நம்மவர்கள் சைபீரியாவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அது குகைக்கு வெகு தூரம். அதை வைத்து வளையலைத் தர முடியாது.

எலும்பு இல்லை என்றால் மண்ணைக் கேட்கலாம். மரபுக்கோவை, இதை நீங்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

—

மரபுக்கோவை:

சொல்கிறேன் ஐயா. நான் இந்தத் துறையில் இருப்பதற்கே இது மாதிரி விஷயங்கள்தான் காரணம்.

குகையில் ஒருவர் வாழ்ந்தால் இரத்தம், கழிவு, தோல் துகள், சிதைந்த எலும்பு என்று எதையாவது மண்ணில் விட்டுப்போவார். அதிலிருக்கும் டிஎன்ஏ மண்ணின் கனிமத் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். எலும்பே இல்லாத மண்ணிலிருந்து பழங்கால மனித டிஎன்ஏவை எடுக்கலாம் என்று 2017-இல் காட்டினார்கள், அதில் டெனிசோவா மண்ணும் இருந்தது. பிறகு எலெனா சவாலா குழு மூன்று அறைகளின் சுவர்களிலும் 10, 15 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று கட்டம் போட்டு 728 மண் மாதிரிகளை எடுத்து 2021-இல் முடிவை வெளியிட்டது. 685 மாதிரிகளில் பாலூட்டிகளின் டிஎன்ஏ இருந்தது. 175-இல் மனித இனங்களின் டிஎன்ஏ.

குகையின் மூன்று லட்சம் ஆண்டு வருகைப் பதிவேட்டைப் படிப்பது போல இருக்கிறது அது. 2 லட்சத்து 50 ஆயிரம் முதல் 1 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுக்குள் படிந்த மண்ணில் முதலில் டெனிசோவன்கள். அந்தக் கட்டத்தின் இறுதியில் நியாண்டர்தால்கள். 1 லட்சத்து 30 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் ஆண்டு வரை நியாண்டர்தால் தடயம் மட்டும்தான் தெரிகிறது. அதன் பிறகு வரும் டெனிசோவன்கள் பழைய கூட்டத்தின் வழி இல்லை, வேறு தாய்வழி. கழுதைப்புலி, கரடி வகைகளும் மாறும் காலங்கள் இதோடு ஒத்துப்போகின்றன. தட்பவெப்பம் மாறும்போது மனிதர்களும் விலங்குகளும் சேர்ந்தே இடம் மாறியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு. அணிகலன்கள் வரும் தொடக்க மேல் பழங்கற்கால அடுக்குகளில், குறைந்தது 45 ஆயிரம் ஆண்டுக்கு முன், நம் இனத்தின் டிஎன்ஏ மண்ணில் முதல்முறையாகத் தென்படுகிறது. அதற்குக் கீழே நம் இனத்தின் சுவடே இல்லை. நகைகள் வரும்போதே நாமும் வருகிறோம்.

ஆனால் செங்காட்டான் சார், உங்கள் பக்கம் முழுதாக விழுந்துவிடவில்லை. அதே ஆய்வு, டெனிசோவன்களும் நியாண்டர்தால்களும் அந்தக் கட்டம் தொடங்கும் வரையோ, தொடங்கிய பிறகுமோகூட அங்கே வந்து போயிருக்கலாம் என்கிறது. மூவரும் சந்தித்திருக்க வாய்ப்பு உண்டு. அல்லது பல நூறு ஆண்டு இடைவெளியில் ஒருவர் போனபின் ஒருவர் வந்திருக்கலாம்.

—

செங்காட்டான்:

சரி, 728 மாதிரி என்பது சும்மா இல்லை. 'டெனிசோவன்தான்' என்று நான் முதலில் சொன்னதை 'டெனிசோவனாகவும் இருக்கலாம்' என்று மாற்றிக்கொள்கிறேன். 'நம்மவர்தான்' என்று சொல்பவர்களும் அதே மாதிரி இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

—

அடுக்குமண்:

நான் இறங்கி வருகிறேன் தோழர். என் கணிப்பு நம்மவர் பக்கம் சாய்கிறது, குறிப்பாக அதே குகையில் 2016-இல் கிடைத்த 7.6 சென்டிமீட்டர் எலும்பு ஊசியையும் சேர்த்துப் பார்த்தால். நூல் கோக்கத் துளை போட்ட ஊசி அது. ஆனால் சாய்வு வேறு, முடிவு வேறு.

—

நூல்புழு:

இத்தனை நாள் இந்த மூன்று மனித இனங்களும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காலத்தில் இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே குகைக்குள் மாறி மாறி வந்திருக்கிறார்கள் என்றால் ஒருவரை ஒருவர் எப்படி நடத்தியிருப்பார்கள்? சண்டையா, சேர்ந்து வாழ்ந்தார்களா?

—

மரபுக்கோவை:

அம்மா, எப்படி நடத்தினார்கள் என்று மரபணு சொல்லாது. ஆனால் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்.

அந்தக் குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை கழுதைப்புலி கடித்து நொறுக்கிய துண்டுகள். கண்ணால் பார்த்து மான் எலும்பா மனித எலும்பா என்று சொல்லவே முடியாது. சமந்தா பிரவுன் என்ற ஆராய்ச்சி மாணவி அவற்றில் 2,300-க்கும் மேற்பட்ட துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சுரண்டி, கொலாஜன் புரதத்தின் அமைப்பைச் சோதித்தார். கொலாஜன் விலங்குக்கு விலங்கு கொஞ்சம் மாறும். மம்மூத், குதிரை, காட்டெருமை, மான் என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு துண்டு மனிதக் குடும்பத்தைக் காட்டியது. நீளம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஏதோ ஊனுண்ணியின் வயிற்றுக்குள் போய் வந்த அமில அரிப்பும் அதன் மேல் தெரிந்தது.

அதன் மரபணுத் தொகுதியை விவியன் ஸ்லான் குழு 2018-இல் வெளியிட்டது. அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன். கலப்பு வம்சத்தின் தூரத்துப் பேத்தி இல்லை, நேரடி மகள். முதலில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் நினைத்தார்களாம். மறுபடி மறுபடி மாதிரி எடுத்தும் அதே விடைதான். டென்னி என்று அழைக்கிறார்கள். இறக்கும்போது குறைந்தது 13 வயது, காலம் சுமார் 90 ஆயிரம் ஆண்டுக்கு முன்.

அப்பாவின் மரபணுவுக்குள்ளும் எப்போதோ கலந்த நியாண்டர்தால் துளி இருந்தது. அம்மாவோ, அதே குகையில் முன்பு வாழ்ந்த நியாண்டர்தாலைவிட ஐரோப்பாவில் குரோஷியாவின் நியாண்டர்தால்களுக்கு நெருக்கமானவர். அந்த அம்மாவின் முன்னோர்கள் கண்டத்தின் மறு முனை வரை உறவுள்ளவர்கள்.

—

நூல்புழு:

2,300 துண்டுகள்! ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்க்க எவ்வளவு பொறுமை வேண்டும். அந்தப் பிள்ளையை ஒரு கழுதைப்புலி தின்றுபோட்டதையும், அப்புறம் இன்னொரு பெண் இத்தனை கவனமாகத் தேடி எடுத்ததையும் சேர்த்து நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

—

கடைசிப்பெஞ்ச்:

இவர்கள் இந்த ஒரு குகையில் மட்டும்தான் கிடைத்தார்களா?

—

அடுக்குமண்:

பத்து வருஷத்துக்கு அப்படித்தான் இருந்தது. 2019-இல் திபெத்திய மேட்டுநிலத்தின் பைஷியா குகையிலிருந்து ஒரு தாடை வந்தது. 3,280 மீட்டர் உயரம், குறைந்தது 1 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டு. 1980-இலேயே ஒரு துறவி கண்டெடுத்தது. டிஎன்ஏ இல்லை, பல்லில் இருந்த புரதத்தை வைத்து டெனிசோவன் என்றார்கள். 2025-இல் சீனாவின் ஹார்பின் மண்டை ஓட்டையும் புரதத்தாலும் பற்காரையில் இருந்த டிஎன்ஏவாலும் டெனிசோவன் என்று உறுதிசெய்தார்கள். ஆக, அவர்களுக்கு முகம் கிடைத்துவிட்டது. பெரிய மண்டை, தடித்த புருவ மேடு. அதைப் பற்றித் தனி இழையே வேண்டும், இங்கே வளையலை விட்டுவிட வேண்டாம்.

—

மலைக்குருவி:

ஆமாம் ஐயா, வளையலுக்கே வருகிறேன். இரண்டு நாளாக யோசித்து ஒரு யோசனை. மண்ணில் டிஎன்ஏ ஒட்டியிருக்கும் என்றால், நகையிலும் ஒட்டியிருக்காதா? அணிந்தவரின் வியர்வை பட்டிருக்குமே. நேரே நகையைக் கேட்டால் என்ன?

—

மரபுக்கோவை:

தம்பி, கேட்டுவிட்டார்கள்! அதே குகையில்!

2019-இல் தெற்கு அறையில் மான் பல்லில் துளையிட்ட ஒரு பதக்கம் கிடைத்தது. தோண்டியவர்கள் கையுறையும் முகக்கவசமும் போட்டு எடுத்தார்கள். லைப்சிக்கில் எலெனா எஸ்ஸல் குழு அதைச் சுரண்டவில்லை, துளையிடவில்லை. பாஸ்பேட் கரைசலில் போட்டு வெப்பத்தைப் படிப்படியாக 90 டிகிரி வரை ஏற்றினார்கள். உள்ளே ஊறியிருந்த டிஎன்ஏ கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பதக்கம் போனபடியே திரும்பி வந்தது.

அந்தக் கரைசலில் இருவருடைய டிஎன்ஏ இருந்தது. ஒன்று மானுடையது. மற்றொன்று ஒரு பெண்ணுடையது, நம் இனத்தவள், வடக்கு யுரேசியாவின் பழங்கால மக்களோடு நெருங்கியவள். 19 ஆயிரத்திலிருந்து 25 ஆயிரம் ஆண்டுக்கு முன்பு அந்தப் பல்லைச் செய்தவளோ, கழுத்தில் போட்டவளோ. 2023-இல் வெளியானது. பழங்கற்காலப் பொருள் ஒன்றை இன்னார் கையாண்டார் என்று நேராகச் சொல்ல முடிந்தது அதுதான் முதல் முறை.

—

செங்காட்டான்:

அப்படியானால் வளையலையும் அந்தக் கரைசலில் போடட்டுமே. விடை எனக்கு எதிராக வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், உண்மையாகவே.

—

மரபுக்கோவை:

அங்கேதான் இடிக்கிறது சார். பல்லும் எலும்பும் நுண்துளை உள்ளவை, வியர்வையும் எச்சிலும் உள்ளே இறங்கும். மெருகேற்றிய கல்லில் இறங்க இடம் இல்லை. அதனால்தான் அவர்கள் கல்லை விட்டுவிட்டு எலும்பையும் பல்லையும் தேர்ந்தெடுத்தார்கள். வளையலால் பேச முடியாது. ஆனால் அதே கட்டத்தைச் சேர்ந்த 49 முதல் 43 ஆயிரம் ஆண்டுப் பதக்கங்கள் பல்லும் எலும்பும்தானே. அவை பேச வாய்ப்பு உண்டு.

—

அடுக்குமண்:

வாய்ப்பு உண்டு, ஆனால் அவை பழைய பருவங்களில் எடுத்தவை. அந்தக் காலத்தில் யார் கையுறை போட்டோம்? கண்டெடுத்தவுடன் வெறுங்கையில் தூக்கி, விரலால் மண்ணைத் துடைத்து, தண்ணீரில் கழுவி, ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து, ஊதித் தூசியைத் தட்டுவோம். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். கரைசலில் முதலில் வரப்போவது எங்கள் டிஎன்ஏதான். எங்களுக்கு அடியில் அந்தப் பழைய ஆள் ஒரு துளியாவது மிஞ்சியிருந்தால் பிரித்தெடுக்க மரபுக்கோவையின் ஆட்களுக்குத் தெரியும். மிஞ்சாவிட்டால், டெனிசோவாவில் இன்னும் தோண்டாத மண் இருக்கிறது. அங்கே அடுத்த பதக்கம் தலை நீட்டும்போது முதலில் தொடுவது கையுறையாக இருக்க வேண்டும்.

—

மலைக்குருவி:

ஐயா, அந்த மணி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறதா? எலும்பு மணியா, கல் மணியா?

—

அடுக்குமண்:

எலும்பு, தம்பி. நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைக்கிறது. அடுக்கு தெரியாவிட்டாலும் அதை இப்போது கேட்டுப் பார்க்கலாம். பெட்டி எண் என் பழைய குறிப்பேட்டில் இருக்கும், நாளைக்குத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.